விடாத கை

வாங்க அம்மிணி. செருப்பை வாசலில் விடாதீங்க, எருமை மிதித்துவிடும். உள்ளேயே கொண்டுவந்து போடுங்க. ஆமாம், எருமைதான். அது ஏன் எங்கள் வாசலில் நிற்கிறது என்பது தனிக் கதை, அதுவும் இவர் கையால் வந்த வினைதான், சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பின பிசியோதெரபி அம்மா நீங்கதானே? ஷெர்லினா? ஊர் மார்த்தாண்டமா? அங்கேயிருந்து காங்கேயம் பக்கம் வந்து அடுத்தவள் புருஷன் கையை நீவிக்கொண்டிருக்கிறீங்க. படிப்பு மனுஷரை எங்கெங்கே இழுத்துக்கொண்டு போகிறது பாருங்க. நான் ஆறாவதோடு நின்றவள். அதனால் இழுக்க ஒன்றும் இல்லை, இதே வீட்டில் கிடக்கிறேன்.

இதோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, இவர்தான் சென்னியப்பன். என் வீட்டுக்காரர், மாட்டுத் தரகர். உங்களை 'வாங்க' என்று கூப்பிடுகிறார். உங்கள் காதுக்கு 'ஆ' என்று மட்டும் கேட்கும். பழகிவிடும்.

உட்காருங்க, கையைப் பாருங்க. வலது கை. நீங்க படியேறும்போது கொஞ்சம் தொளதொளவென்றுதான் மடியில் கிடந்தது. நான் உங்களை வரவேற்க வாயைத் திறந்தேன், அதற்குள் முஷ்டியை இறுக்கிக்கொண்டார். வெட்கம். பெண்பிள்ளைகளைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான். நீங்கள் பாட்டுக்கு உங்கள் வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நோயாளியின் கதை தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. டாக்டர்களுக்கு அதைக் கேட்க எங்கே நேரம் இருக்கிறது? நான் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

வாதம் வந்தது ஐப்பசியில். காலையில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்னியில் உப்பு இல்லை என்று என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவர் என்னைப் பழித்துக்காட்டுகிறார் என்று நினைத்து, நானும் வாயைக் கோணிப் பழித்துக்காட்டினேன். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? அப்புறம் நாற்காலியோடு சரிந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதித் திட்டு வாயிலேயே நின்றுவிட்டது. மீதி இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உயிர் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. தண்ணீர் குடித்தால் புரை ஏறும். நெஞ்சில் இறங்கினால் சளிக் காய்ச்சல் வந்துவிடுமாம், எதையும் கூழ் மாதிரி கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ரசத்தைக் கூட மாவு போட்டுக் கெட்டியாக்கினேன். ரசத்தைக் கரண்டியால் வெட்டி ஊட்டின பொம்பளை இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்புறம் அழுகை. டிவியில் நகைக் கடை விளம்பரம் வந்தால் தாரை தாரையாக அழுவார். இந்த நோயில் அப்படி வரும், மனசில் துக்கம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார் டாக்டர். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதே விளம்பரத்தைப் பார்த்து நான் எத்தனை வருஷம் அழுதிருப்பேன், எனக்கு ஒருவரும் மாத்திரை எழுதிக் கொடுக்கவில்லை.

பார்க்க வருகிறவர்கள் சும்மா வருகிறார்களா? ஆளுக்கு ஒரு வைத்தியம். இவருடைய சிநேகிதர் ஒருவர் புறா ரத்தம் தேய்த்தால் எழுந்து ஓடுவார் என்று கூடையில் புறாக்களோடு வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். புறாக்கள் போய்விட்டன. இவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

என்னது, தோளா? ஆமாம், தோள் இறங்கித்தான் இருக்கிறது. மூட்டுக்கும் கைக்கும் நடுவில் பள்ளம் தெரிகிறது பாருங்க. தொட்டால் கத்துவார். யார் பிடித்து இழுத்தார்களோ தெரியவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களாக இருக்கும், அவர்களுக்குத்தான் ஆளைத் தூக்கத் தெரியாது. நான் எவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொள்கிறேன் தெரியுமா? காலையில் படுக்கையை விட்டு எழுப்பும்போது, இந்தக் கையைத்தான் இரண்டு கையாலும் பிடிப்பேன், ஒரே இழுப்பு, ஆள் உட்கார்ந்துவிடுவார். வராத கை என்று சும்மா விட்டுவிட்டால் அது மறந்துபோய்விடும் இல்லையா, அதனால் அந்தக் கையைப் பிடித்துத்தான் தூக்குவது. ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

சரி, கைக்கு வருகிறேன். கைதான் முக்கியம். மாட்டுச் சந்தையில் தரகு எப்படி நடக்கும் என்று உங்கள் ஊரில் தெரியுமோ என்னமோ. விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள், கேட்டுவிடுவார்கள். அதனால் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். இத்தனை விரல் பிடித்தால் இன்ன விலை. சம்மதம் என்றால் உள்ளேயே கையை அழுத்துவார்கள். ஒத்துவரவில்லை என்றால் உதறிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போவார்கள். இவர் வலது கை துண்டுக்குள் போனால் எதிராளி விரல் தானாகப் பேசும் என்று பேர். வீட்டில் உப்புக்கும் புளிக்கும் கத்துகிற மனுஷன், சந்தையில் வாயே திறக்க மாட்டார். எல்லாம் கைதான்.

அந்தக் கை கட்டை மாதிரி தொங்கினால் எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? நான் விடவில்லை. ரப்பர் பந்து ஒன்று வாங்கி உள்ளங்கையில் வைத்தேன். 'அமுக்குங்க, அமுக்குங்க' என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன். சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் பந்துதான். கொஞ்ச நாளில் விரல் மடங்க ஆரம்பித்தது. அப்புறம் பந்தை இறுக்கிப் பிடித்தார். நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

அப்போது ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி வந்துகொண்டிருந்தான், உங்களை மாதிரிதான், பிசியோதெரபி. "அம்மா, பந்தை எடுத்துருங்க. புடிக்கிறதுக்கு இவருக்குப் பயிற்சி வேண்டியதில்ல, விடறதுக்குத்தான் பயிற்சி வேணும்" என்றான்.

"ஏனுங் தம்பி, புடிக்கத் தெரிஞ்சவருக்கு விடத் தெரியாதுங்களா? அது தானா வரும், போங்" என்றேன்.

அவன் வாரம் ஒருமுறை அதையே சொன்னான். எனக்கு அலுத்துப்போய்விட்டது. நின்றுவிட்டான். அவனாக நின்றானா, நான் நிறுத்தினேனா என்பதெல்லாம் இப்போது எதற்கு.

இன்னொரு விசித்திரம் கேளுங்க. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும், இவருக்குக் கொட்டாவி வந்தால் அந்தக் கை தானாக மேலே எழும்பும். விரல் அஞ்சும் விரியும். முதல் தடவை பார்த்தபோது தெருவையே கூப்பிட்டேன். 'கை வந்துருச்சு, கை வந்துருச்சு' என்று கற்பூரம் ஏற்றினேன். ஆட்கள் உள்ளே வருவதற்குள் கொட்டாவி முடிந்துவிட்டது, கை விழுந்துவிட்டது. எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்படி நடப்பது உண்டுதான் என்று டாக்டர் சிரித்தார். சிரிக்க வேண்டியதுதானே, கற்பூரம் அவர் வாங்கியதா?

சரி, எருமைக்கு வருகிறேன்.

தை மாதம் நாச்சிமுத்து வந்தார். அவரும் தரகர்தான், இவரோடு கூடவே சந்தையில் நின்றவர். "அண்ணா, வீட்டுலயே கெடந்தா என்ன ஆகறது? ஒருக்கா சந்தைக்கு வாங்க, மாட்டு வாசம் மூக்குல ஏறுனா எந்திரிச்சிருவீங்க" என்றார். இவர் அழுதார். நகைக் கடை விளம்பரம் ஓடவில்லை, டிவியே போடவில்லை. அதனால் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். தண்ணீர் கொடுத்தால் கெட்டியாக்கிக் கொடுக்க ஆள் வேண்டுமே, நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

சந்தையில் ஒரு புளிய மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் கும்பிட்டான். அந்த நேரம் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர் இந்த எருமையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாச்சிமுத்துவுக்கு அதன்மேல் கண். ஆனால் அந்த ஆள் விலையில் இறங்கவே இல்லை. நாச்சிமுத்து இவரிடம் வந்தார். "அண்ணா, உங்க கை ராசியான கை. சும்மா துண்டுக்குள்ள வைங்க, போதும். மத்தத நான் பேசிக்கறேன்" என்றார். வெளியூர்க்காரருக்கு இவருக்கு வாதம் என்று தெரியாது. நன்றாக வேட்டி துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பேசவில்லை, பெரிய மனுஷன் என்று நினைத்துவிட்டார். நாச்சிமுத்து இவர் கையைத் தூக்கித் துண்டுக்குள் வைத்தார். அந்த ஆளும் நீட்டினார்.

நான் ஆட்டோவிலிருந்து, "ஏனுங்க, பாத்துங்க, நம்ம கிட்ட எருமைக்கெல்லாம் எடம் இல்லீங்க" என்று சத்தம் போட்டேன். அவ்வளவுதான். இவர் கை இறுகிவிட்டது. அந்த ஆளின் விரல் நாலும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அவர் என்ன நினைத்தார்? இவர் குறைத்துக் கேட்கிறார் என்று நினைத்தார். கொஞ்சம் இறங்கினார். இவர் விடவில்லை. இன்னும் இறங்கினார். விடவில்லை. இவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பாதி முகம் அசைவதே இல்லை. மறுபாதியில் எச்சில் ஒழுகுகிறது. அந்த ஆளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. "அண்ணா, இதுக்கு மேல எறங்குனா நான் மாட்டை மட்டுமில்ல, மாட்டோட என்னையும் உங்ககிட்ட வுட்டுட்டுப் போகோணும்" என்றார். இவர் விடவில்லை. நான் மறுபடியும், "விடுங்க, விடுங்க, கையை விடுங்க" என்று கத்தினேன். இன்னும் இறுகியது. வலி தாங்காமல் அந்த ஆள், "சரி, நீங்க சொல்றதே" என்று விழுந்துவிட்டார். இவர் என்ன சொன்னார்? ஒன்றுமே சொல்லவில்லை.

விலை முடிந்ததும் நாச்சிமுத்து துண்டை எடுத்தார். எடுத்தால் என்ன, கை பிரியவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள். எண்ணெய் ஊற்றினார்கள். அந்த ஆள், "எருமையே வேண்டாம், என் கையைக் குடுங்க" என்றார். அப்போதுதான் எனக்குக் கொட்டாவி நினைவு வந்தது. ஆட்டோவை விட்டு இறங்கிக் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் இவரப் பாத்துக் கொட்டாவி விடுங்க" என்றேன். ஒருத்தன் கொட்டாவி விட்டால் அடுத்தவனுக்கு வரும் இல்லையா? முதலில் சிரித்தார்கள். அப்புறம் நாச்சிமுத்து வாயைப் பிளந்தார், அப்புறம் டீக்கடைக்காரர், அப்புறம் மாடு விற்க வந்தவன், மாடு வாங்க வந்தவன், அத்தனை பேரும் வட்டமாக நின்று கொட்டாவி விட்டார்கள். கை மாட்டிக்கொண்ட ஆளும் அழுதுகொண்டே விட்டார். கடைசியில் இவருக்கும் வந்தது. வாய் பிளந்தது, கை எழும்பியது, விரல் விரிந்தது. அந்த ஆள் கையை உருவிக்கொண்டு ஓடினார், எருமைக் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு.

நாச்சிமுத்து, இது அண்ணன் பேசி முடித்த மாடு, அண்ணன் வீட்டில்தான் நிற்க வேண்டும் என்று இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டார். சாணி யார் அள்ளுகிறார்கள்? அண்ணனா அள்ளுகிறார்?

அன்றிலிருந்து கைக்குப் பேர் வந்துவிட்டது. விடாத கை என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பந்துப் பயிற்சியை இன்னும் கூட்டினேன். அதுதான் தப்பு என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும், அவர் சந்தைக்கு வந்தாரா?

அப்புறம் நாற்றம் வந்தது. மாசியில். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று பீரோவை நகர்த்திப் பார்த்தேன். எருமையைக் குளிப்பாட்டினேன். கடைசியில் இவர் கையிலிருந்து வருகிறது. முஷ்டிக்குள் நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்தியிருக்கிறது. புண், சீழ். கொட்டாவிக்கு விரிந்தாலும் துணியை எடுப்பதற்குள் மூடிக்கொள்கிறது, மற்ற நேரம் துடைப்பதற்கு ஒரு விரலைக்கூட விரிக்க முடியவில்லை. நான் நிமிர்த்த நிமிர்த்த அவர் கத்துகிறார், அவர் கத்தக் கத்த நான் கத்துகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்து ஆற்றினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விரல்கள் இப்படியே நாள்பட மடங்கிக் கிடந்தால் அப்படியே இறுகி நின்றுவிடும், அப்புறம் உள்ளே தசைநாரை வெட்டித்தான் கையைத் திறக்க வேண்டும், வெட்டினால் கை சுத்தமாக இருக்கும், ஆனால் பிறகு எதையும் பிடிக்காது என்றார். வீட்டுக்கு ஆள் அனுப்புகிறேன், அடுத்த தடவை வரும்போது விரல் விரிகிறதா என்று பார்த்து முடிவு செய்வோம் என்றார். அந்த ஆள்தான் நீங்கள்.

அடுத்த தடவை என்பது வருகிற திங்கட்கிழமை. அதற்குள் விரிந்தாக வேண்டும். இவருக்கு இது தெரியாது, நான் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொன்னது கேட்டிருக்கும். கேட்டதா? கேட்டுவிட்டது. பாருங்க, இன்னும் இறுக்குகிறார். காது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

ஐயோ, அடுப்பில் பால். இருங்க, பொங்கிவிடும். எருமை என்னை என்ன பாடுபடுத்தினாலும் பால் நல்ல பால், உங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன்.

இந்தாங்க காப்பி. சக்கரை போதாவிட்டால்...

என்னங்க இது? ஏனுங், என்னங்க இது?

விரல் விரிந்திருக்கிறதே. நாலும். கட்டை விரலும். கொட்டாவி விட்டாரா? இல்லையா? கொட்டாவி இல்லாமலா? உள்ளங்கை எப்படி வெள்ளை வெளேர் என்று ஊறிப்போய் இருக்கிறது, நகம் பட்ட இடம் நாலும் தழும்பாக இருக்கிறது. நான் இந்த உள்ளங்கையை நிதானமாகப் பார்த்து எத்தனை மாசம் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறேன், என்ன மந்திரம் போட்டீங்க, எண்ணெய் ஏதாவது கொண்டுவந்தீங்களா, இப்படி ஒரு வித்தை தெரிந்த ஆளை விட்டுவிட்டு அந்த ஈரோட்டுத் தம்பியை...

போச்சு. மூடிக்கொண்டது.

பார்த்தீங்களா? இதுதான் இவர் புத்தி. நான் பார்க்க வந்தால் மூடிக்கொள்வார். நான் இல்லாத நேரம் பார்த்துத்தான் எல்லாம் நடக்கும். என்ன செய்தீங்க, சொல்லுங்க.

ஒன்றுமே செய்யவில்லையா? மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கி, கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தீர்களா? அவ்வளவுதானா? வலியும் சத்தமும் பதட்டமும் இருந்தால் கை தானாக இறுகுமா, அமைதியாக இருந்தால் தளருமா. அப்படிச் சொல்லுங்க. அதற்குத்தான் நான் சொல்கிறேன், அந்த எருமை ஓயாமல் கத்துகிறது. நாச்சிமுத்துவிடம் சொல்லி இன்றைக்கே ஓட்டிவிடுகிறேன். எருமை இப்போது கத்தவில்லையா? ஆமாம், படுத்து அசை போடுகிறது. அப்படியென்றால் டிவி. டிவி ஓடவில்லையே. பக்கத்து வீட்டில் மாவாட்டுகிறார்கள், அதுவாக இருக்கும். இல்லை, மின்சாரம் இல்லை. ஃபேனே சுற்றவில்லை. அப்புறம் இந்த வீட்டில் என்னதான் சத்தம் இருக்கிறது?

ஏன் இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறீங்க?

நானா?

நான் பேசினால் அவர் கை மூடுகிறதா? அம்மிணி, நீங்க சின்னப் பெண், உங்களுக்கு என்ன தெரியும். நான் இவர் நல்லதுக்குத்தான் பேசுகிறேன். எழுந்ததிலிருந்து படுக்கிறவரை, கையை அமுக்குங்க, காலை நீட்டுங்க, தலையைக் குனிந்து முழுங்குங்க என்று நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நான் பேசுவதா உங்கள் கையை மூடுகிறது?

தலையை ஆட்டுகிறார். பக்கவாதம் வந்தவர் தலையாட்டுவதை எல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது.

என்ன? இல்லை, எனக்கு ஒன்றும் கோபம் இல்லை.

அம்மிணி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இவர் சரிந்து விழுந்தாரே, அன்றைக்கு இந்த வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. பாதித் திட்டில் நின்ற வாய். ஆம்புலன்ஸ் வருகிறவரை நான் தரையில் உட்கார்ந்து இவர் மூக்குக்கிட்டே காதை வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்புறம்தான் இழுத்து ஒரு மூச்சு வந்தது. அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. நான் வாயை மூடினால் அது வந்துவிடும். அப்புறம் இவர் மூச்சு வருகிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பேசிவிடலாம். இரண்டு பேர் பேச்சையும் நானே பேசிவிடலாம்.

சரி. எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும்? தினமுமா? தினமும் இரண்டு வேளையா? திங்கட்கிழமை வரைக்குமா, அதற்கு அப்புறமுமா? நல்ல வைத்தியம். நோய் அவருக்கு, பத்தியம் எனக்கு.

வெளியே போக மாட்டேன். இங்கேயே உட்கார்கிறேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்கிறேன். நீங்க பிடிங்க. இல்லை, எனக்குச் சொல்லிக் கொடுங்க, நான் பிடிக்கிறேன். நாளைக்கு நீங்க இல்லாதபோது நான்தானே பிடிக்க வேண்டும். மணிக்கட்டை இப்படியா? இழுக்கக் கூடாதா. கட்டை விரலை இப்படியா? ஆகட்டும். உங்கள் கையை என் கைமேல் வைத்துக்கொள்ளுங்க, நான் அழுத்திவிடப் போகிறேன்.

இவர் கை சூடாக இருக்கிறதே அம்மிணி. நான் என்னமோ சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மூச்சு கேட்கிறதா உங்களுக்கு? எனக்கும் கேட்கிறது. விசிலடிக்கிற மாதிரி வருகிறது.

சுண்டு விரல் அசைகிறது. இல்லை, நான் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.